தெரியாமல் வேலைக்கு வைத்த புண்ணியவான்கள்

பெறுநர்:
மாண்புமிகு உறுப்பினர்கள்,
அமெரிக்க காங்கிரசின் இரு அவைகள்,
வாஷிங்டன்.

பொருள்: ஆவணமில்லாக் குடியேறிகள் – பொதுமன்னிப்பு – உண்மையில் பெற்றவர்கள் யார் – பாராட்டுத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1986 நவம்பர் 6 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் அவையில் ‘பொதுமன்னிப்பு’ என்று யாராவது வாய் திறந்தால் போதும், பாதிப் பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறீர்கள். சட்டத்தை மீறியவனுக்குச் சலுகையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்களே ஒரு மன்னிப்பை ஏறக்குறைய 40 ஆண்டுகளாக இடைவிடாமல் வழங்கி வருகிறீர்கள். அதைப் பற்றி ஒருமுறைகூடப் பெருமையடித்துக் கொண்டதில்லை. அந்த அடக்கத்தைப் பாராட்டவே இக்கடிதம்.

பார்வையில் கண்ட சட்டம் ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் கண்டித்தது. 1982-க்கு முன்பிருந்தே நாட்டில் இருந்தவர்களுக்கும், வயலில் 90 நாள் கூலிவேலை பார்த்ததாகக் காட்டியவர்களுக்கும் சட்டப்படி வாழ வழி கொடுத்தது. சுமார் 27 லட்சம் பேர் கரையேறினார்கள். (ஸ்ட்ராபெரியை ஏணி போட்டுப் பறித்ததாகச் சொன்னவர்களும் வரிசையில் நின்றதாக அப்போது ஒரு பேச்சு உண்டு. தரையில் படரும் செடிக்கு ஏணி எதற்கு என்று கேட்கவேண்டிய அதிகாரிக்கும் பழத்தைத் தட்டில்தான் பழக்கம் போலிருக்கிறது.) அதற்கு ஈடாக, ஆவணமில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு நாட்டு வரலாற்றிலேயே முதன்முறையாகத் தண்டனை என்றீர்கள்.

கொடுத்ததைப் பற்றி நாடு இன்னும் சண்டை போடுகிறது. கண்டித்த கையின் வேலைப்பாட்டைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தெரிந்தே வேலைக்கு வைத்தால் மட்டும் குற்றம் என்று எழுதினீர்கள். ஆள் நீட்டும் அட்டை பார்வைக்கு அசல்போல் இருந்தால் முதலாளி ஏற்றுக்கொள்ளலாம். அதிகம் துருவினாலோ பாகுபாடு காட்டியதாக வம்பு வரும். அப்படியும் மனம் உறுத்தினால் நடுவில் ஒரு கங்காணியை வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆளைக் கொண்டுவந்தது அவன், அட்டையைப் பார்த்தது அவன். தோட்டத்துக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காயம் மட்டும்தான்.

வெங்காயம் என்றதும் ஜார்ஜியா ஞாபகம் வருகிறது. 1998 மே மாதம், விடேலியா வெங்காய அறுவடையின் நடுவே குடியேற்றத் துறை அதிகாரிகள் வயலில் இறங்கினார்கள். ஆட்கள் ஓட, வெங்காயம் மண்ணிலேயே கிடந்தது. உடனே அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் (ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி), மூன்று பிரதிநிதிகளும் சேர்ந்து சட்டத்தைச் செயல்படுத்தியவர்கள்மீது புகார்க் கடிதம் எழுதினார்கள். அறுவடை முடியும்வரை சமரசம் ஆயிற்று. இரண்டு கட்சிகளும் ஒன்றுபட உங்கள் ஊரில் ஏதும் இல்லை என்கிறார்களே, அவர்கள் வெங்காயத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதற்காக யாரையுமே தண்டிப்பதில்லை என்று சொல்லமாட்டேன். 2008 மே 12 அன்று அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில், ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் 389 பேரைப் பிடித்தீர்கள். பெரும்பாலோர் குவாதமாலாக்காரர்கள். அவர்களை விசாரிக்க வாட்டர்லூ நகரத்துக் கண்காட்சித் திடலில் தற்காலிக நீதிமன்றம் போட்டீர்கள். அந்தத் திடலின் பெயர் ‘தேசியக் கால்நடைக் காங்கிரஸ்’. நான் வைத்த பெயரல்ல. சில நாள்களிலேயே ஏறக்குறைய 300 பேருக்குத் தீர்ப்பு. போலி ஆவணம் வைத்திருந்ததற்காகப் பெரும்பாலோருக்கு ஐந்து மாதச் சிறை, பிறகு நாடு கடத்தல். தொழிற்சாலையை நடத்தியவரும் உள்ளே போனார், ஆனால் வங்கியை ஏமாற்றியதற்காக. ஆள் வைத்தது தொடர்பான குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பே கைவிட்டது. 2017-இல் அதிபர் டிரம்ப் அவரது மீதித் தண்டனையையும் குறைத்து வெளியே விட்டார். இதை யாரும் பொதுமன்னிப்பு என்று சொல்லவில்லை.

பொருளாதாரத்துக்கு வருவோம். வந்தவர்கள் கூலியைக் கெடுக்கிறார்கள் என்பது பெரிய குற்றச்சாட்டு. 1980-இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் புளோரிடாவுக்கு வந்தார்கள். மயாமி நகரத்துக் கூலி பெரிதாக அசையவில்லை என்றார் பொருளாதார அறிஞர் டேவிட் கார்ட். பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களின் கூலி நன்றாகவே சரிந்தது என்றார் இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ். அதே ஊர், அதே ஆண்டு. அடிமட்டத்தில் கொஞ்சம் அடி விழத்தான் செய்யும் என்பது என் எண்ணம். ஆனால் அந்த அடியை நீங்கள் எப்படிக் கூர்தீட்டினீர்கள் என்று பாருங்கள். சங்கம் சேர்த்ததற்காக வேலையிலிருந்து துரத்தப்பட்டவர் ஆவணமில்லாதவர் என்றால் துரத்தப்பட்ட காலத்துக்கான சம்பளம் அவருக்குக் கிடையாது என்று 2002-இல் உங்கள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துரத்தியது சட்டவிரோதம்தான், ஆனால் செலவில்லாத சட்டவிரோதம். அப்புறம் எந்த முதலாளி உள்ளூர்க்காரரைத் தேடிப் போவார்? அதைத் திருத்தும் அதிகாரம் அன்று முதல் உங்களிடம்தான் இருக்கிறது.

வரியிலோ நீங்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஆவணமில்லாதவர்கள் 2022-இல் செலுத்திய வரி 9,670 கோடி டாலர் என்று ஒரு வரிக்கொள்கை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதில் 2,570 கோடி சமூகப் பாதுகாப்பு நிதிக்கு. அந்த நிதியிலிருந்து முதுமையில் ஓய்வூதியம் வாங்க அவர்களுக்கு வழியில்லை. கோவிலுக்குள் விடமாட்டோம், உண்டியலை மட்டும் வாசலுக்கே கொண்டுவருவோம் என்கிற ஏற்பாடு. பிள்ளைகளின் பள்ளிச் செலவு மட்டும் உள்ளாட்சிகளின் தலையில். அங்கே மக்கள் முணுமுணுப்பது வெறும் வன்மமல்ல. வரி கட்டியவர்களின் விவரம் ரகசியமாக இருக்கும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த வரித்துறை, 2025 ஏப்ரலில் ஆவணமில்லாதவர்களின் முகவரிகளைக் குடியேற்றத் துறைக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. ஒழுங்காக வரி கட்டியவன் முதலில் மாட்டுவான்.

2013-இல் செனட் 68-க்கு 32 என்று ஒரு குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. சட்டப்படி வாழ வழி திறந்தால் பட்ஜெட் பற்றாக்குறை குறையும் என்று உங்கள் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டது. பிரதிநிதிகள் அவை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. 1972 ஜனவரி 1-க்கு முன் வந்தவர்கள் நிரந்தர வதிவுரிமை கேட்கலாம் என்ற பழைய பிரிவு ஒன்றும் உண்டு. அந்தத் தேதியையும் 1986-க்குப் பிறகு நகர்த்தவில்லை. நகர்த்தச் சொல்லி நானும் கேட்கமாட்டேன். தேதி நகர்ந்தால் பயம் போகும், பயம் போனால் கூலி ஏறும், கூலி ஏறினால் வெங்காயம் விலையேறும்.

என் கோரிக்கை ஒன்றே. முதலாளிகளுக்குத் தந்துவரும் மன்னிப்பை வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். விண்ணப்பப் படிவத்தை நானே தயாரித்திருக்கிறேன். எத்தனை ஆண்டுகளாகத் தெரியாமல் இருக்கிறீர்கள்? இடையில் எப்போதாவது தெரிந்துவிட்டதா? ஆம் எனில், எத்தனை நாளில் மறந்தீர்கள்? தொடர்ந்து தெரியாமல் இருந்ததற்கான சான்றுகளை இணைக்கவும். 1986 சட்டப்படி தொழிலாளரிடம் ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் கேட்டதுபோல இவர்களுக்கும் ஒரு சிறு தேர்வு வைக்கலாம். ஒரே கேள்வி போதும்: உங்கள் வயலில் வேலை செய்கிறவரின் பெயர் என்ன?

இப்படிக்கு,
வெங்காயம் வாங்கும் ஒருவன்.

நகல்:
1. விடேலியா வெங்காய விவசாயிகள் – தகவலுக்காக.
2. சம்பந்தப்பட்ட தொழிலாளர்கள் – முகவரி தெரியாததால் அனுப்பப்படவில்லை. தேவைப்படுவோர் வரித்துறையை அணுகவும்.