அம்மாவுக்கு ஓர் இடம்

அம்மாவுக்காகக் கோவையில் முதியோர் குடியிருப்பு பார்க்கப் போகிறேன். முதலில் எதைப் பார்ப்பது?
– வாசகி, கும்பகோணம்

குளியலறையை! வரவேற்பறையை அவர்களே காட்டிவிடுவார்கள். கழிவறை ஓரம் கைப்பிடி இருக்கிறதா, ஈரத்தில் தரை வழுக்குமா, படுத்தபடியே கைக்கு எட்டும் தூரத்தில் அழைப்பு மணி உண்டா என்று பாருங்கள். மணியை ஒருமுறை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஆள் வர எத்தனை நிமிடமோ, அதுதான் அந்த இடத்தின் தரம்.

சாப்பாடு எப்படி என்று யாரிடம் விசாரிப்பது?
– வாசகர், மதுரை

மேலாளரா அங்கே தினம் மூன்று வேளை சாப்பிடுகிறார்? முன்கூட்டிச் சொல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய், பணம் கட்டிச் சாப்பிடுங்கள். பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். ரசத்தில் ஆரம்பித்து ராத்திரி நர்ஸ் வரை எல்லாம் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

வெளியே வரும் வழியை. விலகினால் முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? மாதக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறும்? பெற்றோர் படுத்த படுக்கையானால் வைத்துப் பார்ப்பார்களா, கூட்டிப் போகச் சொல்வார்களா? வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல இடத்தில் சேர்த்துவிட்டால் பிள்ளைகளின் கடமை முடிந்ததுதானே?
– வாசகர், சென்னை

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். முகவரி மாறினால் கடமை மாறாது. அது இருக்கட்டும், அங்கே போக அவர்களுக்கு இஷ்டமா என்று கேட்டீர்களா?