சோன் பப்டிப் பெட்டியும் காலிப் பணியிடமும்: ஓர் ஆய்வு

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட காலத்தில் வேலை தேடுவது வீண் என்பது படித்தவர்களிடம் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. எச்.ஆர். லீவில் இருப்பார், மேனேஜர் ஊருக்குப் போயிருப்பார், இன்டர்வியூ என்று ஒன்று நடந்தாலும் முடிவு ஜனவரிக்குத் தள்ளிப்போகும். ஆகவே ரெஸ்யூமேயை மூடிவைத்துவிட்டு முறுக்கைக் கடிப்பதே புத்திசாலித்தனம் என்பார்கள். இக்கட்டுரை இதை முற்றாக மறுக்கிறது. வேலை தேடுவோருக்கு ஆண்டிலேயே சிறந்த பருவம் இதுதான். அதற்கான கருவி, அறிஞர் உலகம் இதுவரை ஏறெடுத்தும் பாராத சோன் பப்டிப் பெட்டி.

முதற்சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. பாஸ்டனை அடுத்த நியூட்டன் என்ற ஊரில் அண்மையில் வேலை மாறியவர்களை மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் விசாரித்து, 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதத்தினரே அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள். 55.6 சதவீதத்தினர் எப்போதாவது பார்த்தவர்கள். மீதி 27.8 சதவீதத்தினர், ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள். ஆண்டுக்கு ஒரு முறை என்றால் என்ன? தீபாவளிக்குத் தீபாவளி என்பதுதானே! பாஸ்டன்காரர்களுக்குத் தீபாவளி இல்லாததால் கிரனோவெட்டரால் இந்த முடிவுக்கு வர இயலவில்லை. எப்போதாவது பார்ப்பவரே வேலைக்கு அதிகம் உதவுவதன் காரணமும் எளியது. நெருங்கிய உறவினருக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு, நம்முடைய அரியர்கள் எத்தனை என்பதும் அவர்களுக்குத் தெரியும். சித்தப்பா சிபாரிசு செய்யத் தயங்குவது அன்புக் குறைவால் அல்ல, தகவல் மிகுதியால். அரைகுறையாகத் தெரிந்தவரோ நாம் அறியாத கம்பெனியை அறிந்தவர், நம்மையும் முழுதாக அறியாதவர். இரண்டும் நமக்கு லாபம். இந்தச் சதவீதங்கள் 54 பேரை வைத்துக் கணக்கிட்டவை, அது ஒரு பந்திக்குக்கூடக் காணாதே என்று ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். ஆனால் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வும், மிதமான அளவில் பலவீனமான தொடர்புகளே வேலைக்கு அதிகம் உதவுகின்றன என்று சொன்னது.

இனிச் சிக்கல் ஒன்றே: இந்த அரைகுறைத் தெரிந்தவரை எப்படி அணுகுவது? மூன்று வருடமாகப் பேசாத ஒருவருக்கு ஆடி மாதத்தில் திடீரென்று போன் செய்தால், கடன் கேட்கப்போகிறான் என்றோ, இன்ஷூரன்ஸ் பிடிக்கிறான் என்றோதான் எண்ணுவார். பண்டிகை இந்த ஐயத்தை ஒரே நாளில் நீக்குகிறது. அன்று காரணமில்லாமல் கூப்பிடுவதே முறை; கூப்பிடாதவரே குற்றவாளி. ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்ற கேள்வியைக் கவனியுங்கள். கேட்பவருக்குப் பதில் முன்பே தெரியும், சொல்பவருக்கு யோசிக்க வேலையில்லை. இவ்வளவு பாதுகாப்பான தொடக்கத்தை எந்த வேலைவாய்ப்புப் பயிலரங்கும் கண்டுபிடித்ததில்லை. அதற்கு அடுத்த கேள்வி அநேகமாக எதிர்முனையிலிருந்தே வரும்: ‘இப்ப எந்தக் கம்பெனில இருக்கீங்க?’ விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது.

நல்ல நாளும் அதுவுமாக வேலை கேட்பது அநாகரிகம் என்று ஒரு சாரார் முகம் சுளிப்பர். இவர்களுக்கு மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியைக் காட்ட வேண்டும். பசிபிக்கின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நடந்த ‘குலா’ என்னும் பரிமாற்றத்தை 1922இல் வெளியான தம் நூலில் அவர் விரித்திருக்கிறார். சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு ஒரு திசையில் சுற்றும், சிப்பிக் கைவளைகள் எதிர்த்திசையில் சுற்றும். வாங்கியவர் நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை, அன்றாடம் அணிவதும் அரிது. கைமாறுவதே அவற்றின் பணி. சோன் பப்டியின் இயல்பை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதியதில்லை. ஆனால் பலர் விட்டுவிடும் குறிப்பு ஒன்று அங்கே உண்டு. அந்தத் தீவினர் குலாப் பயணத்தின்போதே சாதாரணப் பண்டமாற்றும் செய்துகொண்டார்கள். சடங்குப் பரிமாற்றத்தில் பேரம் பேசுவதுதான் இழுக்கு, பக்கத்தில் தனியாக நடந்தால் இழுக்கில்லை. ஆக, வேலை விஷயத்தைப் பெட்டியை நீட்டும்போது சொல்லக் கூடாது. காபி வந்து, செருப்பு மாட்டும் கட்டத்தில், வாசற்படியருகே சொல்ல வேண்டும். நம் ஊரில் முக்கியமான பேச்சுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

எச்.ஆர். லீவு என்ற வாதம் பார்வைக்குத்தான் வலுவானது. வேலைக்கு எடுப்பது எச்.ஆர். என்றாலும் காலியிடத்தை உண்டாக்குவது ராஜினாமா செய்பவர். அவர் எப்போது செய்வார்? 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்றும், கணக்காண்டு முடிந்த 8 மாதங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் வகுத்தது. மார்ச்சில் முடியும் கணக்குக்கு அது நவம்பர் இறுதி. வழக்கமோ அதைத் தீபாவளிக்கு முன்பே கொண்டுவந்து நிறுத்தியது. கைக்கு வரவிருக்கும் போனஸை விட்டுவிட்டுப் போகும் தமிழர் அபூர்வம். எனவே மனத்தளவிலான ராஜினாமாக்கள் புரட்டாசியில் முளைத்து, பட்டாசு தீர்ந்தபின் மெயிலாக மாறுகின்றன. இரண்டு மூன்று மாத நோட்டீஸ் பீரியட் ஓடியதும் நாற்காலி காலியாவது தையிலோ மாசியிலோ. அது போர்ட்டலில் விளம்பரமாக வருவதற்குள், தீபாவளிக்கு வந்துபோனவரின் பெயர் உள்ளே உச்சரிக்கப்பட்டிருக்கும். மார்கழியில் புது வேலையில் சேரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்போருக்கும் இக்கணக்கால் நஷ்டமில்லை.

வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினால் போதாதா என்பது இளைஞர் தரப்பு. போதாது. 200 பேருக்கு ஒரே நேரத்தில் பறக்கும் விளக்குப் படத்துக்குக் கும்பிடும் கை ஒன்று பதிலாக வரும். அத்தோடு விவகாரம் முடிந்தது. பெட்டிக்கு அப்படி முடிவு கிடையாது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்ற பழக்கம் இருப்பதால், வாங்கியவர் எதையாவது திருப்பியாக வேண்டும். முறுக்கு கைவசமில்லாத வீட்டில் ஒரு ரெஃபரல்கூட வரலாம். எதிராளியும் அதே நோக்கத்தோடு அதே பிராண்ட் பெட்டியை எடுத்துவைத்துக் காத்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் கடினமானது. இரு தரப்பும் வேலை தேடுகின்றன என்பது செருப்பு மாட்டும் கட்டத்தில்தான் வெளிப்படும். அப்போது பெட்டிகளை மாற்றிக்கொண்டு, அடிப்பக்கத்தில் அச்சிட்ட காலாவதித் தேதி பொங்கலைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு, அவரவர் அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.