சிவிலைசேஷன் 5-இல் தொடக்கநிலைக் கொள்கைத் தேர்வு: ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை: 2010இல் வெளிவந்த அக்கணினி விளையாட்டும், 2013இல் வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ விரிவாக்கமும். வெளியுலகம் எல்லைக்குள் அடங்காது.

கருதுகோள்: எந்த நாகரிகமாயினும் டிரெடிஷன் என்னும் கொள்கை வரிசையே சிறந்தது. (முடிவுரை எழுதியபின் உருவாக்கப்பட்டது. நெறியாளர் ஒப்புதல் உண்டு.)

தொடக்கத்தில் எடுக்கக்கூடிய கொள்கை வரிசைகள் நான்கு. அவற்றுள்,

பயட்டி: கோயிலைப் பாதி நேரத்தில் கட்டலாம்.

ஆனர்: ஆஸ்டெக்குக்கு உரியது. எதிரியைக் கொன்றால் அந்நாகரிகத்துக்கு இயல்பாகவே பண்பாட்டுப் புள்ளி உண்டு. ஆனர் எடுத்தால் காட்டுமிராண்டியைக் கொன்றதற்கு மறுபடியும் கிடைக்கும். ஒரே பிணத்துக்கு இரு முறை புள்ளி என்பது, ஒரே கட்டுரையை இரு கருத்தரங்கில் படித்தோர்க்கு எளிதில் விளங்கும்.

லிபர்ட்டி: நகரங்களைப் பெருக்குவோர்க்கு. போலந்துக்குப் புது யுகந்தோறும் ஒரு கொள்கை இலவசம். எதை எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளும். கருதுகோளுக்கு ஒத்துவராததால் போலந்து நீக்கப்பட்டது.

டிரெடிஷன்: முதல் நான்கு நகரங்களுக்குப் பண்பாட்டுக் கட்டடம் இலவசம், வரிசையை முடித்தால் நீர்க்கால்வாயும் நான்குக்கே. அஃதேல் ஐந்தாம் நகரம் என் செய்யும் எனின், உரைகாரர் வேறுபடுவர். நான்கோடு நிறுத்துக என்பார் ஒரு சாரார். ஐந்தாவதைக் கட்டலாம், எண்ணலாகாது என்பார் மற்றொரு சாரார். இருவரையும் மறுக்கும் உரை ஒன்று உண்டென ஓர் அணிந்துரை கூறுகிறது. அணிந்துரை உள்ள நூல் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லும் கட்டுரையையே பின்வந்தோர் அனைவரும் மேற்கோள் காட்டுகின்றனர். அக்கட்டுரையின் முதல் அடிக்குறிப்பு ‘மேலது’ என்கிறது. மேலே ஒன்றுமில்லை.

டிரெடிஷனின் சிறப்புக்கு இந்தியா சான்று. காந்தியின் ஆட்சியில் நகர எண்ணிக்கையால் வரும் அதிருப்தி இரு மடங்கு. மக்கள்தொகையால் வருவதோ பாதி. ஆகவே சில நகரம், பெருங்கூட்டம், டிரெடிஷன் என்க. இங்கே இவ்விளையாட்டுத் தொடரில் காந்தி கொண்ட அணுகுண்டு மோகத்தையும் ஆராய வேண்டும். 1991இல் வந்த அத்தொடரின் முதல் விளையாட்டின் நிரற்பிழையே அதற்குக் காரணமென ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டினர். அப்படியொரு பிழையே இல்லை என்று அவ்விளையாட்டை வடிவமைத்த சிட் மையர் 2020இல் தம் நினைவுநூலில் எழுதிவிட்டார். மேற்கோள்களுக்குச் சேதமில்லை, ஆக்கியோன் கூற்று இரண்டாம்நிலைச் சான்றே எனக் கொள்க.

முடிவுரை: கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

மேலாய்வுக்கான களம்: ஆறாம் நகரம்.

இக்கட்டுரை பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றின் வல்லுநர் குழுப் பரிசீலனையில் உள்ளது. பணம் கட்டிய ரசீது இணைக்கப்பட்டுள்ளது.