வலப்பக்க ஜன்னல்: கம்பெனி பஸ் இருக்கை உரிமை குறித்த ஓர் ஆய்வு

நிர்வாகவியல் அறிஞர்கள் தொழிலாளி கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் அவரைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஓரளவு விதிவிலக்கு பிரெடரிக் டெய்லர். நாளொன்றுக்கு 12.5 டன் இரும்பு சுமந்துகொண்டிருந்த ஒருவரை 47.5 டன் சுமக்க வைத்த கதையை அவர் 1911இல் வந்த தமது நூலில் சொல்கிறார். அந்த மனிதர் மாலையில் ஒரு மைல் தூரத்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார் என்பதையும் குறித்திருக்கிறார். அங்கே கம்பெனி பஸ் இல்லை. எனவே டெய்லரின் கோட்பாட்டில் சீட்டும் இல்லை. இந்தத் துறை நூறாண்டுக்கும் மேலாக நொண்டிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

ஆய்வுக்களம், மறைமலை நகர் தொழிற்பேட்டைக்குப் போகும் ஏ ஷிப்ட் பஸ். விடியுமுன் தாம்பரத்தில் கிளம்பி, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஜி.எஸ்.டி. சாலையில் ஆளை ஏற்றிக்கொண்டே வரும். சிங்கபெருமாள் கோயிலில் திரும்பி ஒரகடம் போகும் வண்டிகளும், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளும் இந்த ஆய்வில் சேரா. அவற்றின் சூரியன் வேறு. காரணம் பின்னால் வரும்.

முதலில் சட்டநிலை. டவுன் பஸ்ஸில் இருக்கை உரிமை துண்டினால் பிறக்கிறது. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டையோ கர்ச்சீப்பையோ போட்டவருக்கு அந்த இடம் சொந்தம். துண்டை எடுத்தவுடன் உரிமையும் போய்விடும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பிறர் நிலத்தைத் தட்டிக்கேட்க ஆளில்லாமல் 12 ஆண்டு அனுபவித்தால் உடையவர் பிறகு வழக்குப் போட்டு மீட்க முடியாது. அரசு நிலமென்றால் 30 ஆண்டு. கம்பெனி பஸ்ஸில் இதற்கு ஒரு ஷிப்ட் சுற்றே போதும். ஏ, பி, சி மூன்றிலும் ஒரே சீட்டில் உட்கார்ந்துவிட்டவரை அதற்குப் பிறகு டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ்கூட எழுப்ப மாட்டார். துண்டு தேவையில்லை. ஆளே தேவையில்லை. அவர் லீவில் இருந்தாலும் சீட்டு காலியாகவே வரும். பக்கத்தில் இருப்பவர் அதில் தன் டிபன் பையை மட்டும் வைத்துக்கொள்வார், அதுவும் கைப்பிடியை வெளியே பார்த்தபடி.

மீறல் நடந்தால் என்ன ஆகும்? ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாகச் சேர்ந்த டிரெயினி ஒருவன் ஊரப்பாக்கத்தில் ஏறுகிறான். கழுத்தில் இன்னும் மடங்காத டேக், காலில் கடிக்கும் சேஃப்டி ஷூ. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் காலி. உட்கார்ந்துவிடுகிறான். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் பேச்சு நின்றுவிடுகிறது. டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். கூடுவாஞ்சேரியில் உரியவர் ஏறுகிறார். கோபிப்பதில்லை, கேட்பதில்லை, அந்த வரிசைக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்து நிற்கிறார், அவ்வளவுதான். பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: “தம்பி, பின்னாடி இடம் இருக்கு பாரு.” இடம் இருப்பது தம்பிக்கும் தெரியும். எழுந்து போய் வீல் சீட்டில், பின்சக்கரத்தின் மேட்டில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்காருகிறான். பெரியவர் அமர்ந்து, காதைச் சுற்றி மப்ளரைக் கட்டி, கண்ணை மூடுகிறார். பேச்சு மறுபடி தொடங்குகிறது.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970களில் தம் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலில் ஏற்றி, காரணம் சொல்லாமல் பிறரிடம் சீட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டவர்களில் சுமார் 68 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. மில்கிராமும் தாமே முயன்று பார்த்தார். வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது, உட்கார்ந்த பிறகு உடம்பு சரியில்லாதவரைப்போல நடிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சோதனையை இங்கே செய்ய முடியாது. இந்த வண்டியில் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. கேட்பதே தோல்வி, நின்றால் போதும்.

இனி மையக் கேள்விக்கு வருவோம். மூத்தவர்கள் ஏன் எல்லோரும் வலப்பக்க ஜன்னலில் இருக்கிறார்கள்? டெய்லர் வழியில் யோசித்தால் விடை எளிது: வெயில். தாம்பரத்திலிருந்து மறைமலை நகருக்குச் சாலை தென்மேற்காக இறங்குகிறது. ஜெனரல் ஷிப்டுக்குக் காலையில் போகும்போது சூரியன் இடப்பக்கம். மாலையில் திரும்பும்போது வண்டி வடகிழக்கைப் பார்க்கிறது, சூரியனோ மேற்கே போயிருக்கிறது, மறுபடியும் இடப்பக்கம்தான். ஏ ஷிப்ட் முடிந்து பிற்பகலில் திரும்புகிறவருக்கும் அதே கதி. ஆக இடப்பக்கத்தவர் போகும்போதும் வரும்போதும் காய்கிறார். வலப்பக்கத்தவர் நாள் முழுக்க நிழலில் தூங்குகிறார். சீனியாரிட்டி என்பது நிழல் தேடிப் போவது. கட்டுரையை இங்கேயே முடித்துப் பட்டம் வாங்கிவிடலாம்.

கெடுப்பது பி ஷிப்ட். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பும் அந்த வண்டிக்குச் சித்திரை மாதத்தில் சூரியன் வலப்பக்கம் வந்துவிடுகிறது. டெய்லர் சொல்லும் மனிதராக இருந்தால் மூத்தவர்கள் எழுந்து இடப்பக்கம் மாற வேண்டும். மாறுவதில்லை. திரைச்சீலை இருந்தால் இழுத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். வியர்வை வழிய, தங்கள் சீட்டில், தாங்களாகவே. எதிரே இடப்பக்கத்தில் டிரெயினிகள் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு.

எனவே நிழல் கோட்பாடு தள்ளுபடி. வேறு விளக்கத்துக்குச் சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலைக்குப் போக வேண்டும். வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடுமா என்று 1924இல் அங்கே தொடங்கிய ஆய்வு, 1931-32இல் ஓர் அறையில் 14 ஆண்களை வைத்துக் கவனிப்பதில் வந்து முடிந்தது. அவர்களில் பெரும்பாலோர் முன்பக்கக் குழு, பின்பக்கக் குழு என்று தாமாகவே பிரிந்துகொண்டார்கள். முன்பக்கத்தவருக்குத் தாங்கள் ஒரு படி மேல் என்று நினைப்பு. அளவுக்கு மீறி வேகமாக வேலை செய்தவருக்குத் தோளில் ஒரு குத்து விழும். நிர்வாகம் எழுதிய விதிகளை அவர்கள் மறந்தாலும் தாங்கள் எழுதாத விதிகளை மறக்கவில்லை. அந்த அறைக்குச் சக்கரம் மாட்டினால் நமது பஸ். முன்னே மூத்தவர்கள்; பின்னே போனில் பாட்டு வைக்கும் இளவட்டம். குத்துக்குப் பதில் மௌனம்.

ஹாதார்ன் அறிஞர்கள் பார்க்க வாய்ப்பில்லாத ஒன்று இங்கே உண்டு. இந்தத் தொழில்தடத்தில் ஒரே லைனில் பெர்மனென்ட், கான்ட்ராக்ட், அப்ரென்டிஸ் என்று பல வகை ஆட்கள் ஒரே வேலையைச் செய்கிறார்கள். சட்டை நிறமும் சம்பளமும் வேறு. பஸ் இந்த வகைப்பாட்டை மதிப்பதில்லை. எத்தனை வருடமாக ஏறுகிறாய் என்று மட்டுமே பார்க்கிறது. கான்ட்ராக்டர் பெயர் மாறி மாறி, ஆள் மட்டும் அப்படியே தொடரும் ஒருவருக்கு வலப்பக்க ஜன்னல் உண்டு. நேற்று கன்ஃபர்ம் ஆனவர் அவருக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். கம்பெனி தராத நிரந்தரத்தை ஒரு வாடகை பஸ் தந்துவிடுகிறது. நான் வாசித்த மனிதவள நூல்கள் எதிலும் இதற்கு ஓர் அத்தியாயம் இல்லை.

அந்த நிரந்தரத்துக்கும் வரம்பு உண்டு. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியது; 2022 ஜூலையில் மறைமலை நகர் ஃபோர்டிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது. இப்படி மூடும் ஆலைகளில் செட்டில்மென்ட் கணக்கைப் பணி ஆண்டுகளை வைத்துப் போடுகிறார்கள். ஜன்னலுக்கு அதில் ஒரு வரியும் கிடையாது.

மற்றபடி சீட்டு பறிபோக ஒரே வழி பதவி உயர்வு. திறமையுள்ளவர் தன் திறமைக்கு எட்டாத பதவி வரை உயர்ந்து அங்கே தேங்கிவிடுவார் என்று லாரன்ஸ் பீட்டர் 1969இல் எழுதினார். மறைமலை நகரில் அவர் வீல் சீட் வரை உயர்கிறார். ஆபரேட்டராக இருந்து சூப்பர்வைசர் ஆனவருக்கு மறுநாள் முதல் ஸ்டாஃப் பஸ், ஏ.சி. உண்டு, சாய்கிற சீட்டு உண்டு. புதுச் சட்டை, புது டேக். வலப்பக்கம் மூன்றாவது வரிசை காலியாக இருப்பதைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் உட்காரப் போகிறார். பக்கத்து சீட்டுக்காரர் லேப்டாப் பையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: “சார், அங்க ஆள் வருவாங்க.”