துவாரபாலகருக்கு ஆராதனை

வின்னிபெக், கனடா
20.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. அக்னி நட்சத்திரம் போன பிறகும் செங்கல்பட்டில் வெயில் போகவில்லை என்று அம்மா சொன்னாள். அந்த வெயிலைக் கொஞ்சம் பார்சல் அனுப்பி வையுங்கள், இங்கே செலவாகும்.

வெள்ளை வேட்டி சட்டையோடு நான் நடுத்தெருவில் நிற்கிற போட்டோவைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சியிலடா சேர்ந்தே?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். அதற்கு அடுத்த வாய்ஸ் மெசேஜில், "கோலும் போடாம சும்மா நிக்கிறவனுக்கா அவ்வளவு சம்பளம்?" என்று இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் கட்டைவிரலால் தட்டி முடிகிற பதில் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர் நிலவரம். ஜனவரியில் இங்கே மைனஸ் முப்பது சர்வசாதாரணம். ராத்திரி காரை நிறுத்தினால் மட்டும் போதாது, அதன் மூக்கிலிருந்து தொங்குகிற வயரை பிளக்கில் சொருகிவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும். இல்லையென்றால் காலையில் எஞ்சின் எழுந்திருக்காது. இப்படிப்பட்ட ஊரில் மனிதர்கள் எழுந்து நடமாடுவதற்கு ஒரே காரணம் ஹாக்கி.

எழும்பூர் ஸ்டேடியத்தில் நாம் பார்க்கிற ஹாக்கி இல்லை, ஐஸ் ஹாக்கி. பந்துக்குப் பதில் 'பக்' என்று ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன், எடை சுமார் 170 கிராம். துள்ளக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுகிறார்கள். கல்லாக இறுகிய அந்த வில்லை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஆறடி அகலம், நாலடி உயரமுள்ள கோலுக்கு முன்னால், சொந்த விருப்பத்தின் பேரில், ஒருவர் நிற்கிறார், கோலி என்று பெயர். வின்னிபெக் ஜெட்ஸ் அணிக்கு அப்படி நிற்பவர் கானர் ஹெலபக்.

ஆறடி நாலு அங்குல உயரம். அமெரிக்காவில் மிச்சிகன்காரர். 2012இல் லீக் அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 129 பேரை எடுத்து முடித்த பிறகுதான் இவர் பெயர் வந்தது. இன்றைக்குச் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பையை 2020, 2024, 2025 என்று மூன்று முறை வாங்கியாகிவிட்டது. இந்த வருஷம் லீகிலேயே மதிப்பு மிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் சேர்ந்தே கிடைத்தது. பெரும்பாலும் கோல் போடுகிறவர்களுக்கே போகிற விருது அது. 2015இல் மான்ட்ரியல் அணியின் கேரி பிரைஸுக்குப் பிறகு ஒரு கோலிக்குக் கிடைப்பது இதுதான் முதல் முறை. சம்பளம் ஏழு வருஷத்துக்கு 59.5 மில்லியன் அமெரிக்க டாலர். நம் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 70 கோடி ரூபாய். அத்தையிடம் சொல்ல வேண்டாம், என் சம்பளத்தோடு ஒப்பிடுவார்கள்.

இத்தனைக்கும் இவர் பாய்ந்து விழுந்து படம் காட்டுகிறவர் இல்லை. பக் எங்கே வருமோ அங்கே முன்னாடியே நகர்ந்து நின்றுவிடுகிறார், அது வந்து நெஞ்சில் மோதி விழுகிறது. பார்க்கிறவர்களுக்கு, அடித்தவன்தான் குறிபார்த்து இவர்மேல் அடித்தான் போலத் தோன்றும். நானும் முதலில், "நேராத்தானே அடிச்சான்?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர். 1996இல் ஊரின் பழைய ஜெட்ஸ் டீமைப் பணக் கஷ்டத்தால் அமெரிக்காவில் ஃபீனிக்ஸுக்கு மாற்றிவிட்டபோது, வீட்டில் சாவு விழுந்தாற்போல அழுதாராம். பதினைந்து வருஷம் கழித்து, 2011இல், அட்லாண்டாவிலிருந்து வேறொரு டீம் வந்து சேர்ந்து அதே பெயரை வைத்துக்கொண்டது. அதனால் பாட்டி டீம் விஷயத்தில் மிகவும் உஷார். ஹெலபக்கின் கணக்கை ஜாதகம் மாதிரி ஒப்பிப்பார்: நூறு ஷாட்டில் தொண்ணூறைத் தடுக்கிறவன் சுமார் ரகம், இந்த சீசனில் நம்மாள் 92.5, ஜெயித்த ஆட்டம் 47, எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்காத ஆட்டம் 8.

இனி வேட்டிக்கு வருகிறேன். சீசனுக்குப் பிறகு வருகிற பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்கினால் ஊரே வெள்ளை உடுத்த வேண்டும். 1987இலிருந்து வருகிற வழக்கம். அரங்கத்துக்குள் பதினைந்தாயிரம் பேர் வெள்ளை, டிக்கெட் கிடைக்காமல் வெளியே தெருவில் பெரிய திரையில் பார்க்கிறவர்களும் வெள்ளை. பெயிண்ட் அடிக்கிறவர்கள் போடுகிற முழுநீள வெள்ளை அங்கியில்கூட ஆட்கள் வருகிறார்கள். நான் உள்ளே தெர்மல் பேண்ட், வெளியே கல்யாணத்துக்கு எடுத்த எட்டு முழம், காலில் பனி பூட்ஸ். "இது என்ன உடை?" என்று ஒருவர் கேட்டார். விளக்க வார்த்தை வரவில்லை. 2022இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டி நின்றதே 'தம்பி' குதிரை, அந்தப் படத்தை செல்போனில் காட்டினேன். அவருக்கு அதன் பிறகு சந்தேகம் ரொம்ப ஜாஸ்தியாகிவிட்டது.

பிளேஆஃப் முதல் சுற்றில் செயின்ட் லூயிஸ் அணியோடு ஏழு ஆட்டத் தொடர். அவர்கள் ஊரில் நடந்த மூன்று ஆட்டத்திலும் ஹெலபக் கோல்களை விட்டுவிட்டு, பாதியிலேயே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். டிவி நிபுணர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். நம்மூராக இருந்தால் டீக்கடையிலேயே ஆளை டீமை விட்டு நீக்கியிருப்போம். இங்கே பாட்டி, "முன்னால் நிற்கிற ஐந்து பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று டிவியைத் திட்டினார். ஹெலபக் ஊர் திரும்பியதும் அதே பதினைந்தாயிரம் பேர் அதே வெள்ளையில் அவர் பெயரைக் கத்தினார்கள். மாமா, நான் அசந்துபோனது விருதுக்குக் கைதட்டியதில் இல்லை, இதில்தான்.

ஏழாவது ஆட்டம் மே 4ஆம் தேதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது 1-3 என்று நாங்கள் பின்தங்கி இருந்தோம். அப்போது கோலியையே வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு இன்னொரு ஆட்டக்காரரை இறக்கினார்கள். கோல் காலி! ஹெலபக் பெஞ்சில், பாட்டி கண்ணை மூடிக்கொண்டு. நாங்கள் ஒரு கோல் போட்டோம். கடைசி இரண்டு நொடிக்குள் பெர்ஃபெட்டி என்ற ஆட்டக்காரர் இன்னொன்று போட்டுச் சமன் செய்தார். அப்புறம் கூடுதல் நேரம், அதற்கும் கூடுதல் நேரம். ஹெலபக் மறுபடி வந்து நின்று ஒன்றையும் விடவில்லை. ஆடம் லோரி கோல் போட்டு 4-3. என் வேட்டியை யாரோ கொடியாக ஆட்டினார்கள். தெர்மல் மானம் காத்தது. அடுத்த சுற்றில் டாலஸிடம் தோற்றோம், அதை விடுங்கள்.

இப்போது உங்கள் சம்பளக் கேள்வி. மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசுக்கு முன்னால் செல்ஃபி, வெண்ணெய்ப் பந்தை முட்டுக் கொடுத்து போட்டோ. திருமூர்த்தி குகை வாசலில் நிற்கிற துவாரபாலகரை யாராவது நின்று பார்க்கிறார்களா? "கையில தெம்பு இருக்கறவன்தான் காவக்காரனை நல்லா செதுக்குவான்" என்று சிற்பியான நீங்கள்தான் சொல்வீர்கள். ஹாக்கியிலும் இந்தக் கதிதான். ஓட முடியாதவனைப் பிடித்துக் கோலில் நிறுத்துவது நம் பள்ளிக்கூடத்துச் சட்டம். நீங்களே அப்படி நின்றவர்தானே? பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கியில் பிரிட்டனோடு பத்தே பேராக ஆடியும் ஷூட்அவுட்டில் இந்திய கோலி ஸ்ரீஜேஷ் காப்பாற்றிக் கொடுத்த பிறகுதான் நமக்கும் கண் திறந்தது. அவர் ஓய்வு பெற்றதும் 16ஆம் நம்பர் சட்டையை இனி சீனியர் அணியில் யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தார்கள். வின்னிபெக், மூலவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று துவாரபாலகருக்கு முதல் அபிஷேகம் செய்கிற ஊர். சும்மா நிற்பதற்கு இல்லை மாமா, அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொள்கிற நேரத்தில் ஹெலபக் மூடாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

கடைசியாக ஒரு வேலை. நீங்கள் சிற்பி என்று பாட்டியிடம் சொல்லிவிட்டேன். ஹெலபக் சிலை ஒன்று வேண்டுமாம், மாவுக்கல்லில், ஒரு சாண் உயரம். போட்டோ அனுப்புகிறேன். முகத்தில் கூண்டு, இடது கையில் பெரிய உறை, வலது கையில் பலகையும் மட்டையும், காலில் மெத்தை போன்ற பேட். கதாயுதம் வேண்டாம், கோரைப் பல் வேண்டவே வேண்டாம். கை இரண்டு போதும் என்றுதான் நான் சொன்னேன். "நாலு வைக்க முடியுமா என்று கேள், அடுத்த சீசனுக்கு உதவும்" என்கிறார் பாட்டி. கூலியைச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்