அடிச்சிட்டா தெரியாது சார்

போன முகூர்த்த நாளன்று ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். காரை எடுக்க ஷட்டரைத் தூக்கினால் பாதியில் நின்றது. முழங்காலை முட்டுக்கொடுத்து உந்தினேன், ஏறியது. நிமிர்ந்து பார்க்கிறேன், புது வேட்டியின் முன்பக்கம் முழுக்கக் காவி. வாசலுக்கு வந்த மனைவி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் போறீங்களா, காசிக்குப் போறீங்களா?" என்றாள்.

இதை எழுதும் இந்த நிமிடம் வரை எரிச்சல் அடங்கவில்லை. அடங்காததற்குக் காரணம் உண்டு. நான் உள்ளே போய் வேறு வேட்டி கட்டிக்கொண்டு வருவதற்குள் காவி வேட்டி பிளீச்சிங் பவுடர் வாளிக்குள் போய்விட்டது. துருக்கறையில் பிளீச்சிங் பவுடர் படவே கூடாது. பட்டால் கறை போகாது, இன்னும் கெட்டிப்பட்டுத் துணியோடு நிரந்தரமாகக் குடியேறிவிடும். எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் தேய்த்து வெயிலில் போட்டிருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்தது. வேட்டி வாளியில் விழுந்த பிறகு இதைச் சொன்னதால், சொல்லாத கணக்கிலேயே சேர்க்கப்பட்டது.

வேட்டிக்கு இரங்கல் எழுத நான் உட்காரவில்லை. கடலோரத்து வீட்டில் கார் ஷெட் ஷட்டர் துருப்பிடிக்காமல் இருக்க மூன்றே மூன்று வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

முதல் வேலை, ஏற்கெனவே இருக்கிற துருவைச் சுரண்டி எடுப்பது. கம்பி பிரஷ், உப்புத்தாள், கொஞ்சம் முழங்கை வலி, அவ்வளவுதான். ஆனால் இந்த இடத்திலேயே நம் ஜனங்களுக்கும் இரும்புக்கும் தகராறு வந்துவிடுகிறது. நாம் எதையும் சுரண்டுகிற ஜாதி இல்லை, பூசுகிற ஜாதி. போன பொங்கலுக்கு முன்னால் வந்த பெயின்டரிடம், "முதல்ல துருவை எடுத்துடுங்க" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதுக்கு சார்? அடிச்சிட்டா தெரியாது சார்" என்றார். அடித்தார். தெரியவில்லைதான். வெயில் ஏற ஏறத் தெரிய ஆரம்பித்தது. துரு என்பது இரும்பைவிட அதிக இடம் கேட்கும் சமாசாரம். இரும்பு இருந்த இடத்தில் அது ஊதிப் பெருகி உட்காரும், மேலே உள்ள பெயின்டைத் தள்ளும், பெயின்ட் அப்பளமாக உப்பும், பிறகு உதிரும். உதிர்ந்த இடத்தைக் காட்டினால் அவர் அடுத்த பொங்கலுக்கு வருவதாகச் சொல்கிறார்.

எங்கள் ஷட்டருக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இப்போது கார் நிற்கிற இடம் ஒரு காலத்தில் மளிகைக்கடை. பெயின்ட் உதிர உதிர ஒவ்வொரு அடுக்காகச் சரித்திரம் வெளியே வருகிறது. மேலே சாம்பல் நிறம், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒரு சோப்பு விளம்பரத்தில் சிரித்த பெண்ணின் பாதி வாய். எல்லாவற்றுக்கும் அடியில், எந்த அடுக்கைச் சுரண்டினாலும் தரிசனம் தருவது ஒன்றே ஒன்றுதான்: ரெட் ஆக்ஸைடு.

இந்த ரெட் ஆக்ஸைடைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. உங்கள் வீட்டிலும் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம், இருக்கிறது. மாடிக்குப் போகிற இரும்புப் படி, தண்ணீர்த் தொட்டிக்குச் சாத்திய ஏணி, சமையலறை ஜன்னல் கிரில், பின்பக்கத்துச் சின்ன கேட், இவற்றில் ஒன்றாவது நிச்சயம் அந்தச் செங்காவி நிறத்தில் நிற்கும். அது பிரைமர். அதாவது முன்னுரை. அதற்கு மேல் எனாமல் பெயின்ட் இரண்டு கோட் அடிப்பதற்காகவே அதைக் கண்டுபிடித்தார்கள். தனியாக நின்று மழை வெயில் தாங்க அதனால் ஆகாது, நாளாவட்டத்தில் ஈரத்தை உள்ளே விட்டுவிடும். டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. டப்பாவை யார் படிக்கிறார்கள்? தமிழ்நாட்டில் ரெட் ஆக்ஸைடு அடித்தால் வேலை முடிந்தது. "மேல் கோட்?" என்று கேட்டால், "அடுத்த மாசம்." அந்த அடுத்த மாசம் எந்தப் பஞ்சாங்கத்திலும் வருவதில்லை.

ரெட் ஆக்ஸைடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நடை பழகிய குழந்தைகள் அதே கேட்டுக்கு வாழைமரம் கட்டிக் கல்யாணம் செய்துகொண்டு போயிருக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஐயரும் வந்து, ஊரும் சாப்பிட்டு, வீட்டுக்கடனும் அடைந்து, கடைசித் தவணை கட்டிய ரசீதோடு வீட்டுக்காரர் திரும்பி வரும்போது திறக்கிற கேட் ரெட் ஆக்ஸைடில்தான் இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு கேட்டில் குலதெய்வத்தின் பெயரை வளைவாக வெட்டி வைத்து, எழுத்துக்கு மட்டும் தங்கநிற பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மிச்ச கேட் ரெட் ஆக்ஸைடு. தங்கத்துக்குக் காசு இருந்திருக்கிறது, எனாமலுக்கு இல்லை. இன்னொரு வீட்டில் ரெட் ஆக்ஸைடின் மேலேயே 'நாய் ஜாக்கிரதை' பலகை, அதற்குப் பக்கத்தில் 'வாகனம் நிறுத்தாதீர்', அதற்குப் பக்கத்தில் வாடகைக்கு அட்டை. இத்தனை பேருக்கு இத்தனை சேதி சொல்ல நேரம் இருந்திருக்கிறது.

இதில் உச்சகட்டம் எது தெரியுமா? அந்தச் செம்பொடி என்ன பொருள்? இரும்பு ஆக்ஸைடு. துரு என்ன பொருள்? அதுவும் இரும்பு ஆக்ஸைடுதான், கொஞ்சம் நீரையும் கூட்டிக்கொண்டது. ஆக, துருவை எடுக்கச் சோம்பல்பட்டு, துருவின் மேல் துருவின் சித்தப்பா பிள்ளையைக் குழைத்து அடிக்கிறோம். கேட்டில் எது பெயின்ட், எது துரு என்று பத்தடி தள்ளி நின்றால் சொல்ல முடியாது. நமக்கு அது பிடித்துப் போனதே அதனால்தான் என்பது என் கட்சி. அடித்தாலும் தெரியாது, அடிக்காவிட்டாலும் தெரியாது. பாட்டி வீட்டில் முகம் பார்க்கிற மாதிரி மின்னிய சிவப்புத் தரையிலும் இதே பொடிதான் கலந்திருந்தது. அங்கே அதைத் தினமும் துடைக்க ஒரு பாட்டி இருந்தாள் என்பதுதான் வித்தியாசம்.

ரெட் ஆக்ஸைடு போதும். இல்லை, இன்னும் ஒன்று. அதன் மேல் வெள்ளைச் சாக்பீஸால் கூட்டல் கணக்கு போடலாம். நம் வீடுகளில் கொத்தனார் கூலிக் கணக்கு இன்றைக்கும் அழியாமல் இருக்கிற இடம் அது ஒன்றுதான். இப்போது போதும்.

இரண்டாவது வேலை, உப்பைக் கழுவுவது. கடற்காற்றில் வருகிற உப்பு ஷட்டரில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். மடிப்பு மடிப்பாக ஒரு பட்டைக்குள் இன்னொரு பட்டை கோத்திருக்கிறதே, அந்தச் சந்துகளில்தான் அதன் குடித்தனம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்துக் காயவிட்டால் ஷட்டரின் ஆயுள் கூடும். நல்ல தண்ணீர் என்றேன், கவனித்தீர்களா? திருவான்மியூரில் எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ரசம் வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டாம். நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது. சித்திரை மாதத்தில் லாரித் தண்ணீரை எடுத்து ஷட்டருக்கு அபிஷேகம் செய்கிறவனைத் தெரு சும்மா விடுமா? இதற்கிடையில் தினமும் விடியற்காலையில் போர் தண்ணீர் ஒரு வாளி, வாசல் தெளிக்கிற சாக்கில், ஷட்டரின் காலடியில் பக்தியோடு ஊற்றப்படுகிறது. அதற்கப்புறம் தெருநாய்கள் தங்கள் பங்கைச் செலுத்துகின்றன. நாய் மூத்திரத்திலும் உப்பு உண்டு. எங்கள் ஷட்டரில் துரு கீழிருந்து மேலே ஏறுகிறதே தவிர மேலிருந்து கீழே இறங்கவில்லை. மற்றபடி விஞ்ஞானத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

துருவை ஆராய்வதற்கென்றே நம் மாநிலத்தில் பெரிய ஏற்பாடெல்லாம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரி 14 அன்று, நாமெல்லாம் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற அதே பொங்கல் வேளையில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் அந்த நிறுவனத்தார் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து எவ்வளவு அரிக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். அதே சோதனையை எங்கள் தெரு நயாபைசா மானியம் வாங்காமல் நடத்திவருகிறது.

கடற்கரைக்கு நடைப்பயிற்சி போகிற பாதையில் வீடு கட்டக் கூடாது என்பதும் இந்த ஷட்டரால் தெரிந்துகொண்டதுதான். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை பென்ஷன் வாங்குகிற அத்தனை இன்ஜினீயர்களும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். துருவைக் கண்டால் அவர்களால் சும்மா போக முடிவதில்லை. ஒருவர் மண்ணெண்ணெயால் துடைக்கச் சொன்னார். இன்னொருவர் புளி, உப்பு என்றார். பித்தளைக் குத்துவிளக்குக்கும் பத்தடி ஷட்டருக்கும் வித்தியாசம் பார்க்காத சமத்துவவாதி. மூன்றாமவர் ரயில்வேயில் இருந்தவர். "பராமரிப்பு சார், பராமரிப்பு! 1914-ல தொறந்த பாம்பன் பாலம் எவ்ளோ நாள் ஓடிச்சு!" என்றார். ஓடியது, மறுக்கவில்லை. கடைசியில் அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். ரயில்வேக்கே அந்தக் கதி என்றால் என் கையில் இருப்பது ஒரு உப்புத்தாள்.

டெல்லி இரும்புத் தூண் கட்சியினர் தனி. வாரத்துக்கு ஒருவராவது ஷட்டரைத் தட்டிப் பார்த்து, "1600 வருஷமா அது துருப்பிடிக்கல, நம்ம முன்னோர்கள்..." என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே மெல்லிய படலம் ஒன்று உருவாகிக் காக்கிறது, டெல்லியின் உலர்ந்த காற்றும் உதவுகிறது. அப்படிப்பட்ட தூணையே ஜனங்கள் வரிசையில் வந்து கட்டிப்பிடித்துக் கெடுத்ததால் 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள். முன்னோர்கள் செய்தது சரிதான், பின்னோர்கள்தான் பிரச்சினை. தவிர, அந்தத் தூணைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் நட்டால் நாய்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

டல்லாஸில் இருக்கிற மைத்துனர் மகனும் போனில் யோசனை சொன்னான். "டபிள்யூடி-40 அடிங்க மாமா. அது ஏவுகணைக்குன்னே கண்டுபிடிச்சது!" உண்மைதான். 1953-ல் சான் டியாகோவில், அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் இருக்கத் தயாரித்தது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் 40. ஆனால் ஏவுகணை ஒருநாள் கிளம்பிப் போய்விடும் மாப்பிள்ளை, என் ஷட்டர் இங்கேயே நிற்க வேண்டும். அந்த எண்ணெய் தண்ணீரை விரட்டும், இறுகிய பூட்டைத் திறக்கும், அதற்கு நான் உத்தரவாதம். நிரந்தரமாகக் காவல் காக்காது. நாலு நாளில் அதன் மேல் எங்கள் தெருப் புழுதி ஒட்டி வேறொரு பெயின்டாகிவிடும். அவன் வீட்டுக் கராஜ் கதவு துத்தநாகம் பூசிய தகடு, தொழிற்சாலையிலேயே பெயின்ட் சுட்டு வந்தது, பொத்தானைத் தட்டினால் ஏறுகிறது. வெயிலில் பெயின்ட் வெளிறி வெள்ளைப் பொடியாக வந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி மெழுகு தேய்ப்பானாம், காருக்குத் தேய்க்கிற மெழுகு. என் காரே இன்னும் மெழுகைப் பார்த்ததில்லை, அதற்குள் கதவுக்கா?

அதே துத்தநாகம் இங்கேயும் கிடைக்கிறது. இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும் தியாகி அது. ஜிங்க் கலந்த பிரைமர் என்று கேட்டால் ஹார்டுவேர் கடைக்காரர் உள்ளே போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்து, "ரெட் ஆக்ஸைடு தரட்டுமா சார்?" என்கிறார்.

மூன்றாவது வேலையைச் சொல்ல வேண்டும். சுரண்டிய இரும்பை அன்றைக்கே மூடிவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் கடற்காற்றில் ராத்திரியே செம்மை தட்டிவிடும். இது முதல் வேலையிலேயே சேர்த்தி, மூன்றாவது வேறு. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், அதற்குள் வாசலில் பெயின்டர் வந்து நிற்கிறார். கையில் டப்பா. கம்பி பிரஷ் இல்லை. டப்பா என்ன நிறம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே காலையில் இந்தப் பக்கமாக நடந்து போகிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். யோசனைகள் ஷெட் நிறைய இருக்கின்றன, கார் நிறுத்த இடமில்லை. இனிமேல் சொல்ல வருகிறவர்கள் ஆளுக்கொரு உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் கொண்டுவரவும். பட்டைக்கு ஒருவர் என்று நின்றால் ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். காபி நான் தருகிறேன், லாரித் தண்ணீரில் போட்டது.