விழுந்த சீப்பின் இலக்கணம்

கைதவறித் தரையில் விழுந்த சீப்பை என்ன செய்வது என்பது பற்றித் தமிழில் தனி நூல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. தொல்லாசிரியர்கள் எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் வகுத்தார்கள். யாப்பும் அணியும் தனித்தனியே நூல் பெற்றன. சீப்பு மட்டும் விடுபட்டுப் போயிற்று. அக்குறையை இயன்ற அளவு நிரப்ப முயல்கிறது இக்கட்டுரை.

களம், நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில் ஐந்தாம் மாடி அடுக்களை ஒன்று. காலம், விசா அனுமதித்த ஆறு மாதம். ஆய்வாளர், மகள் வீட்டுக்கு வந்து, பேரன் பள்ளிக்கும் மகள் அலுவலகத்துக்கும் போன பின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் தலையில் முடி ஏறத்தாழ இல்லை. எனவே இப்பொருளில் அவருக்குச் சொந்த ஆதாயம் ஏதும் கிடையாது என்பதை ஆய்வு நெறிப்படி முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

ஆய்வுக்கு மூலமாக அமைந்தவர் எதிர் வீட்டு அம்மையார். சொந்த ஊர் செனகல் நாட்டு டக்கார். ஹார்லெமின் 116ஆம் தெருப் பக்கத்தைக் குட்டி செனகல் என்றே சொல்கிறார்கள். தலை பின்னும் கடைகள் அங்கே நிறைய. பத்து வயதுக்கு முன்பே பின்னத் தொடங்கிய கை இவருடையது. இப்போது சொந்தக் கடை போடும் எண்ணம் வந்து, உரிமம் வாங்கத் துணிந்துவிட்டார். மருந்து போட்டு நேராக்காமல், சுருளைச் சுருளாகவே வைத்துப் பின்னுவது, முறுக்குவது, சடையாக்குவது, சவுரி சேர்ப்பது ஆகியவற்றுக்கு நியூயார்க் மாநிலத்தில் தனி உரிமம் உண்டு. அதற்கு 300 மணி நேரப் பயிற்சி முடித்து, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும்.

லிஃப்டில் பழக்கம். நான் வாத்தியார் என்று மகள் சொல்லிவைத்திருந்தாள் போலிருக்கிறது. ஒருநாள் மாலை அவர் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்துடன் வந்து நின்றார். "தோன்தோன், கேள்வி கேட்பீர்களா?" என்றார். தோன்தோன் என்றால் பிரெஞ்சில் மாமா. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், அவருக்குப் பேச வரும். ஆக இருவரும் சேர்ந்தால் ஒரு மாணவர் தேறுவார். தட்சிணையாக மீன் போட்ட செனகல் சோறு வந்தது. இவ்வாய்வுக்கு வேறு நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை.

முதல்நூல், மிலடி பதிப்பித்த பாடநூல். அதைப் புரட்டியபோது எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. எளிய பொருளுக்கு அரிய சொல் இட்டு, பிறகு அந்தச் சொல்லுக்கு உரை எழுதும் மரபு அங்கேயும் தழைத்திருக்கிறது. பேனுக்குப் பெடிகுலோசிஸ் கேபிடிஸ். தலைப்படைக்கு டினியா கேபிடிஸ். நரைக்குக் கனிஷீஸ். நுனி பிளந்த முடிக்கு ட்ரைக்கோப்டிலோசிஸ். இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் நாலு முடி பிளந்துவிடும். நெற்றியோரம் முடி கழன்றுபோன பெண் வந்து உட்கார்ந்தால் அம்மையார் இறுக்கிப் பின்ன மாட்டார். எத்தனை டாலர் கூடக் கொடுத்தாலும் தளர்த்தித்தான் பின்னுவார். அந்த நோய்க்கு டிராக்‌ஷன் அலோபேஷியா என்று பெயர் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. 300 மணி நேரத்தில் பாதியாவது தெரிந்ததற்குப் பெயர் தேடுவதிலேயே கழிந்திருக்கும் என்பது என் ஊகம்.

பேனைப் பற்றி ஒரு கேள்வி. வாடிக்கையாளர் தலையில் பேன் கண்டால் என்ன செய்வீர்? எங்கள் ஊரில் பேன் பார்ப்பது பாதித் தொழில், பாதி ஊர்வம்பு. வாசல்படியில் முன்னும் பின்னுமாக மூன்று தலைமுறை உட்கார்ந்து ஈருளியால் உருவி, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவே தீர்ப்பு வழங்குவார்கள். அம்மையாரும் இதே செயலைக் கையால் நடித்துக் காட்டினார். தவறு. சரியான விடை: தொடாதே, மருத்துவரிடம் அனுப்பு. படைக்கும் அதுவே விடை, புண்ணுக்கும் அதுவே. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு பொதுவிதியே தரலாம்: நான்கு விடைகளில் ஒன்றில் மருத்துவர் நின்றால், பெரும்பாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு என்று வாசித்தேன். அம்மையார் என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கையறிவுக்கும் ஏட்டறிவுக்கும் உள்ள தூரத்தை அளக்க ஒரு சான்று போதும். கார்ன்ரோ என்பது தலையோடு ஒட்டி வரப்புப்போல ஓடும் பின்னல். சோள வரிசை என்று பொருள். கரீபியத் தீவுகளில் இதையே கேன்ரோ, அதாவது கரும்பு வரிசை, என்கிறார்கள். எந்தத் தோட்டத்தில் முதுகு ஒடிந்ததோ அந்தப் பயிரின் பெயர் தலையில் ஏறிவிட்டது என்று தோன்றுகிறது. இது என் ஊகமே, பாடபேதம் காண்போர் காண்க. கேள்வி இது: இந்தப் பின்னலில் ஓரத்துக் கால் நடுக்காலுக்கு மேலே போகுமா, அடியிலே போகுமா? அம்மையார் விழித்தார். ஆயிரக்கணக்கான தலைகளைப் பின்னியவர் விழித்தார். பிறகு கண்ணை மூடி, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, இல்லாத தலையில் இல்லாத முடியை மூன்று காலாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். சுண்டுவிரல் ஒரு காலை ஒதுக்கிப் பிடிக்க, ஆள்காட்டி விரல் அடியில் நுழைந்து புது முடியை அள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அரை அங்குலம் போனதும் கண்ணைத் திறந்து, தன் விரலைத் தானே எட்டிப் பார்த்து, "அடியிலே" என்றார். விடை சரி. தேர்வறையில் இப்படிக் காற்றில் பின்னலாமா என்று பாடநூலில் தேடினேன்; விதியும் இல்லை, விலக்கும் இல்லை.

இனிச் சீப்பு.

செய்முறைத் தேர்வுக்குத் தயாராக அம்மையார் ஒரு பொம்மைத் தலையை அடுக்களை மேசை விளிம்பில் கவ்வி போட்டு மாட்டியிருந்தார். இரவு தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்று அவர் வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். அசல் மனித முடி வைத்த பொம்மை. சவுரிக்கும் விக்குக்கும் போகும் உலகச் சரக்கில் திருப்பதியிலும் பழனியிலும் இறக்கிய முடியும் கலந்திருக்கிறது. ஆகவே அந்தத் தலை எனக்குத் தூரத்து உறவாகவும் இருக்கலாம் என்று எண்ணிக் கொஞ்சம் பணிவாகவே நடந்துகொண்டேன்.

நான் தேர்வாளராக எதிரே உட்கார்ந்தேன். அம்மையார் வால் சீப்பால் வகிடு எடுத்தார். நூல் பிடித்தாற்போல நேர் வகிடு, ஒரு பிசிறு இல்லை. அதற்கு மதிப்பெண் கொடுக்கக் குறிப்பைப் பார்த்தேன். குறிப்பில் பாதிக்கு மேல் வேறு கதை. கையைக் கிருமிநாசினியால் துடைத்தாரா? துடைத்தபின் மூக்கைத் தொட்டாரா? சுத்தமான பொருள் ஒரு பையில், பயன்படுத்தியது இன்னொரு பையில், குப்பை மூன்றாவது பையில், ஒவ்வொன்றுக்கும் எழுதி ஒட்டிய சீட்டுடன் இருக்கிறதா? மேசையைத் துடைத்தாரா? இதற்கிடையில் அம்மையார் முடியைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டார். கொண்டை ஊசியைப் பல்லில் கடிக்காமல் கொண்டை போட்ட பெண்ணை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. நியூயார்க்கில் அது குற்றம். நான் இருமினேன். அவர் பதறிச் சீப்பை வாயிலிருந்து விட்டார். சீப்பு தரையில் விழுந்தது.

அடுத்து நடந்தது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தது. குனிந்தார், எடுத்தார், தொடையில் ஒரு இழுப்பு, மறுபடி வகிடு. முப்பது வருடப் பழக்கம் நான்கு அசைவில் முடிந்தது; நான்கும் தவறு. விதி வேறு. விழுந்த சீப்பு அந்தக் கணத்தில் சீப்பாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அதைக் கிருமிநீக்கத்துக்கு உரிய பையில் சேர்க்க வேண்டும். கையை மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். சுத்தமான பையிலிருந்து வேறு சீப்பு எடுக்க வேண்டும். விழுந்தது மீண்டும் சீப்பாகப் பிறக்க, முதலில் அதில் சிக்கிய முடியை நீக்கிச் சோப்பு நீரில் கழுவி, பிறகு கிருமிநாசினியில் முழுதாக மூழ்கவைத்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சலூன் கண்ணாடிக் குவளையில் நீலமாக நிற்கும் பார்பிசைட் என்னும் நீர் அதற்குத்தான். 1947ல் மாரிஸ் கிங் என்பவர் கண்டுபிடித்தது. சொல்லைப் பிரித்தால் முடிதிருத்துநர்க்கொல்லி என்று வருகிறது. பெயர் வைத்தவருக்கு யார்மேல் கோபமோ.

இதில் நுண்பொருள் ஒன்று உண்டு. துப்புரவு, கிருமிநீக்கம், நுண்ணுயிர் ஒழிப்பு என மூன்றும் வேறுவேறு. முதலாவது அழுக்கைப் போக்கும். இரண்டாவது கிருமியைக் கொல்லும், ஆனால் அதன் வித்தை விட்டுவிடும். மூன்றாவது வித்தையும் கொல்லும். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டுவதுபோலக் கேள்வித்தாள் இம்மூன்றையும் இடம் மாற்றி மாற்றி மாட்டும். அம்மையார் இரண்டு வாரம் இதில் இடறினார். கடைசியில் இட்லிப் பானையை வைத்து விளக்கினேன்: கழுவுவது ஒன்று, வெந்நீர் ஊற்றுவது ஒன்று, குக்கரில் வைப்பது ஒன்று. உவமை முழுக்கப் பொருந்தாது என்று தெரியும், ஆனால் அவர் தேறினார்.

மேற்கண்ட தரவுகளிலிருந்து என் துணிபு: இத்தேர்வு தலையைப் பற்றியதாகத் தோற்றமளித்தாலும் இதன் கருப்பொருள் தரையே. இதனைத் தரைக் கோட்பாடு என்று வழங்குக.

கோட்பாட்டுக்கு வரலாற்றுச் சான்று தேவையென்றால் டெக்சஸுக்குப் போகலாம். டாலஸ் நகரில் ஐசிஸ் பிராண்ட்லி என்பவர் உரிமமின்றித் தலை பின்னியதற்காக 1997ல் கைதானார். பாடகி எரிகா படுவின் தலையைப் பின்னியவர் அவர். பின்பு அந்த மாநிலம் பின்னலுக்கென்று 35 மணி நேரப் பயிற்சி போதும் என்று 2007ல் இறங்கி வந்தது. சரி, அந்தப் பயிற்சியை நானே சொல்லித்தருகிறேன் என்று பிராண்ட்லி எழுந்தபோது சட்டம் கேட்டது என்ன? 2,000 சதுர அடி தரை. அதோடு சாய்வு நாற்காலி பத்தும், இரண்டு நாற்காலிக்கு ஒன்றாகத் தலை கழுவும் தொட்டியும். பின்னுவதற்குத் தண்ணீரே வேண்டாம்! 2015 ஜனவரியில் நீதிமன்றம் இந்த நிபந்தனைகளைத் தள்ளியது. அதே ஆண்டு டெக்சஸ் உரிமத்தையே நீக்கிவிட்டது. தொட்டிக்கு நான் விளக்கம் தேடவில்லை. 2,000 சதுர அடி மட்டும் என் கோட்பாட்டுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது.

இன்னும் வலுவான சான்று மிசிசிப்பி. டுபிலோ நகரில் மெலனி ஆம்ஸ்ட்ராங் என்பவர் நடத்திய போராட்டத்தால் 2005ல் அங்கே சட்டம் மாறியது. நூற்றுக்கணக்கான மணி நேரப் படிப்பு போயிற்று. மிஞ்சியது 25 டாலர் கட்டிப் பதிவதும், சுகாதாரம் பற்றித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஒரு வினாத்தாளும். மிசௌரியில் 2018க்குப் பிறகு, தொற்றுநோய் பற்றிய ஒரு வீடியோவைப் பார்த்துப் பதிந்துகொண்டால் போதும். முடியின் அடுக்குகள், வளர்ச்சிப் பருவங்கள், கெரட்டின் கட்டமைப்பு எல்லாவற்றையும் இவ்விரு மாநிலங்களின் சட்டம் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோதும் ஒன்றை மட்டும் விடவில்லை. பாத்திரத்தைச் சுண்டக் காய்ச்சினால் அடியில் தங்குவது விழுந்த சீப்புத்தான்.

இங்கே ஒரு முரணைச் சுட்டாமல் விட்டால் ஆய்வு நேர்மையாகாது. அம்மையார் பின்னக் கற்றது தரையில். டக்காரில் அவருடைய அத்தை தாழ்வான முக்காலியில் உட்கார, அவர் காலுக்கிடையில் மண்தரையில் ஒரு சிறுமி, அந்தச் சிறுமியின் மடியில் இன்னும் சின்னவள். இரண்டு தலை ஒரே நேரத்தில் பின்னலில் இருக்கும். ஹார்லெமில் பிறந்து வளர்ந்த பாட்டிமாரும் பாட்டியின் முழங்கால்களுக்கிடையில் தரையில் உட்கார்ந்துதான் பின்னிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். என் அக்காவும் அப்படித்தான் உட்கார்ந்தாள். தலையை அசைத்தால் சீப்பின் முதுகால் மண்டையில் ஒன்று விழும். இந்தக் கல்வியில் ஆசிரியர் மட்டும்தான் மேலே, மாணவர் தரையில். அந்தத் தரையைத்தான் இப்போது 300 மணி நேரம் செலவிட்டுத் தொடக்கூடாத பொருளாகக் கற்றுக்கொள்கிறார்கள். கிருமி தரையில் இருப்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை, படையைப் பார்த்திருக்கிறேன்.

கடைசி மூன்று வாரம் நாங்கள் செய்தது ஒரே பயிற்சி. பின்னல் பின்னுகையில் முன்னறிவிப்பின்றி நான் சீப்பைத் தட்டிவிடுவேன். முதலில் அவர் கை என் கண்ணுக்கு முன்னால் குனிந்துவிடும். பிறகு பாதி வழியில் நின்றது. பிறகு தோள் மட்டும் லேசாகத் துடித்தது. ஒருநாள் சீப்பு விழுந்தும் அவர் உடம்பில் எதுவும் அசையவில்லை. இருவரும் மௌனமாக அந்தச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய சின்ன மகள் உள்ளே வந்து, எங்களைப் பார்த்து, "ஏன் யாரும் எடுக்கவில்லை?" என்று கேட்டு, எடுத்து, தன் சட்டையில் துடைத்து, அம்மாவிடம் நீட்டினாள்.

தேர்வு முடிந்து மாலையில் அம்மையார் என் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். முகத்தில் குழப்பம். என்ன ஆயிற்று, சீப்பு விழுந்ததா என்றேன். விழுந்தது, ஆனால் தன்னுடையது இல்லை என்றார். பக்கத்து மேசைப் பெண்ணின் சீப்பு. உருண்டு வந்து இவர் செருப்பின் மேல் நின்றுவிட்டது. அந்தப் பெண் சின்ன வயது, அழுதுவிடுவாள்போல இருந்தாளாம். எடுத்துக் கொடுத்தால் தன் கை அசுத்தம். காலால் தள்ளலாமா, தெரியவில்லை. தேர்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார். இவர் இரண்டு கையையும் மார்புக்கு மேலே தூக்கிக்கொண்டு, செருப்பில் அடுத்தவர் சீப்புடன், பின்னலின் மிச்சத்தை முடித்தாராம்.

அடுத்தவர் சீப்பு நம் காலில் விழுந்தால் என்ன விதி என்று அன்றிரவு பாடநூலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். கிடைக்கவில்லை. முடிவு தபாலில் வருவதற்குள் என் விசா முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். பாஸ் என்று மகள் போனில் சொன்னாள். அந்தச் சின்னப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன். அது எப்படி அப்பா எனக்குத் தெரியும் என்றாள்.